வாடகை வீட்டில் ஓர் ஆணி



வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: "எல்லாம் சரி, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டே பத்து வருஷத்தை ஓட்டியவன் நான்.

போன வாரம் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் டீ குடிக்கும்போது கேட்டார்: "சூப்பர்ஹீரோ படம் எல்லாம் ஒரே மாதிரிதானே சார் இருக்கு? யார் டைரக்ட் பண்ணினா என்ன?" பாதி உண்மைதான். அந்தப் படத் தொடர்கள் வாடகை வீடுகள் மாதிரி. நாயகனின் உடை நிறத்திலிருந்து அடுத்த படத்தில் யார் சாக வேண்டும் என்பதுவரை கம்பெனி முடிவு செய்து வைத்திருக்கும். இயக்குநர் வருவார், இரண்டு மூன்று வருஷம் இருப்பார், சுவரில் கீறல் விழாமல் காலி செய்துகொண்டு போவார். பால் காய்ச்சுவதற்கு முன்பே கிளம்பியவர்களும் உண்டு. 'ஆன்ட்-மேன்' படத்துக்காக வருஷக்கணக்கில் உழைத்த எட்கர் ரைட், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 2014-ல் விலகிவிட்டார்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் ஒரு பெயர்தான்: சாம் ரெய்மி.

இருபது வயதில் மிச்சிகனிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போய், டென்னசியில் காட்டுக்குள் இருந்த ஒரு பாழடைந்த மரவீட்டில் பேய்ப்படம் எடுத்தவர் இவர். நல்ல கருவிகளுக்குக் காசில்லை. கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே தலைதெறிக்க ஓடினார்கள். திரையில் அது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்ந்து வருவதை அதன் கண் வழியாகவே பார்ப்பது போல இருந்தது. 1981-ல் வந்த 'தி ஈவில் டெட்' அப்படிப் பிறந்தது. அந்தப் பலகையை ரெய்மி கீழே வைக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றும். கோடிக்கணக்கான டாலர் கைக்கு வந்த பிறகும் அவருடைய கேமரா அதே மாதிரிதான் ஓடுகிறது.

2002-ல் அவர் இயக்கத்தில் வந்த முதல் 'ஸ்பைடர்மேன்', அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம். அவ்வளவு வசூல் கொடுத்த குடித்தனக்காரரை எந்த வீட்டுக்காரரும் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவார். 2004-ல் 'ஸ்பைடர்மேன் 2' வந்தபோது ரெய்மி சுத்தியலை வெளியே எடுத்தார்.

அந்த மருத்துவமனைக் காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். வில்லன் டாக்டர் ஆக்டேவியஸ் மயங்கிக் குப்புறக் கிடக்கிறார். முதுகோடு ஒட்டிப்போன நான்கு இரும்புக் கைகளை அறுத்தெடுக்க மருத்துவர்கள் தயாராகிறார்கள். ஒருவர் ரம்பத்தை ஓடவிட்டபடி ஏதோ ஜோக் அடிக்கிறார். இரும்புக் கைகள் விழித்துக்கொள்கின்றன. பிறகு நடப்பதற்குப் பின்னணி இசையே கிடையாது. இரும்பின் சத்தம், அலறல், அவ்வளவுதான். கேமரா அந்தக் கைகளின் பார்வையில் ஆட்கள்மேல் பாய்கிறது. காட்டுக்குள் ஓடிய அதே ஓட்டம். சுவரில் நிழல்கள். ஒரு பெண்ணைத் தரையோடு இழுக்கிறது ஒரு கை. அவள் நகங்கள் தரையைக் கீறிக்கொண்டே போகின்றன. ரத்தம் என்று பெரிதாக எதுவும் காட்டவில்லை. ஆனாலும் அன்றைக்குத் தியேட்டரில் பக்கத்து சீட்டு அம்மா, பிள்ளையின் கண்ணைப் பொத்தினார். பிள்ளை விரலிடுக்கில் பார்த்தான். சிலந்தி மனிதனைப் பார்க்க வந்தவனுக்கு இலவச இணைப்பாக ஒரு பேய்ப்படம்.

பயமுறுத்துவது மட்டும் ரெய்மியின் கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். அதே படத்தில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் ஒரு வாடகைக் குடித்தனக்காரன்தான்! ஒட்டடை அறை. திறக்க மறுக்கும் கதவு. தலையைக் கண்டாலே "வாடகை எங்கே?" என்று கத்தும் வீட்டுக்காரர். அவர் பெயர் டிட்கோவிச். ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்கு ஒரு கும்பிடு. உலகமே கைவிட்டது போல பீட்டர் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரரின் மகள் அர்சுலா கதவைத் தட்டி, கேக் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். ஒரு துண்டு சாக்லேட் கேக், ஒரு டம்ளர் பால். அவன் சாப்பிடுகிறான். கதைக்கு இந்தக் காட்சியால் காலணா பிரயோஜனம் இல்லை. வேறு படமாக இருந்தால் எடிட்டிங் மேஜையில் முதலில் போயிருக்கும். அந்தப் படத்தில் வரும் ரயில் சண்டையை ஊரே கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். எனக்கு அந்தக் கேக்தான்.

சின்னச் சின்ன ஆணிகளும் உண்டு. மஞ்சள் நிறத்தில் ஒரு 1973 ஓல்ட்ஸ்மொபைல் கார். 'ஈவில் டெட்' காலத்திலிருந்து ரெய்மியின் படங்களில் எங்காவது தலைகாட்டும். ஸ்பைடர்மேன் படங்களில் அது பீட்டரின் பென் மாமாவுடைய கார். பள்ளிக்கூட நண்பர் புரூஸ் கேம்பெல் மூன்று ஸ்பைடர்மேன் படங்களிலும் வந்து போகிறார். முதல் படத்தில், மல்யுத்த மேடையில் பீட்டருக்கு ஸ்பைடர்மேன் என்று பெயர் வைக்கும் அறிவிப்பாளரே அவர்தான்.

2007-ல் வந்த மூன்றாம் படத்தில் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். வெனம் என்ற வில்லன்மேல் ரெய்மிக்கு ஒட்டுதலே இல்லை. தயாரிப்புத் தரப்பின் வற்புறுத்தலில் உள்ளே வந்தவன் அவன். படம் சரியாக அமையவில்லை என்று ரெய்மியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உரிமையாளரின் பழைய பீரோவைக் கூடத்தில் போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தினால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது படம். பீட்டர் தெருவில் நெளிந்து நெளிந்து நடக்கும் காட்சியைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. நான் மட்டும் அதற்கு வக்காலத்து வாங்குவேன். கூச்ச சுபாவக்காரன் தன்னை மன்மதன் என்று நினைத்துக்கொண்டால் இப்படித்தான் அசட்டுத்தனமாக இருக்கும். ரெய்மி அதைத் தெரிந்தேதான் எடுத்தார். நான்காம் படம் 2010-ல் கைவிடப்பட்டது.

பிறகு 2022-ல், முன்னவர் ஸ்காட் டெரிக்சன் காலி செய்த வீட்டுக்கு வந்தார்: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகம். கதை, கம்பெனியின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து மூச்சுவாங்குகிறது. நடுவில் விருந்தாளிகள் வரிசையாக வந்து கைதட்டல் வாங்கும் பகுதியை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆனால் இரண்டு மந்திரவாதிகள் இசைக் குறிப்புகளைத் தாளிலிருந்து உருவியெடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து சண்டை போடுகிறார்களே, ஒவ்வோர் அடிக்கும் பாக்கும் பீத்தோவனும் ஒலிக்க! அதை எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து யோசித்திருக்காது. கடைசியில் நாயகனே தன்னைப் போலவே இருந்த இன்னொருவனின் பிணத்துக்குள் புகுந்து, அழுகிய முகத்தோடு எழுந்து வந்து உலகத்தைக் காப்பாற்றுகிறான்.

புரூஸ் கேம்பெல் இதிலும் உண்டு. ரோட்டோரம் பீட்சா உருண்டை விற்கும் ஆள். வம்பு பண்ணியதற்கு ஸ்ட்ரேஞ்ச் ஒரு மந்திரம் போட, அவர் கையே அவரை அறைய ஆரம்பிக்கிறது. 1987-ல் 'ஈவில் டெட் 2' படத்தில் பேய் பிடித்த தன் கையிடம் இதே கேம்பெல் அடி வாங்கியிருக்கிறார். பெயர்ப் பட்டியல் முழுக்க ஓடி முடிந்தபின், அடுத்த படத்துக்கான ரகசியம் ஏதாவது காட்டுவார்கள் என்று தியேட்டரே காத்திருந்தது. திரையில் கேம்பெல். இன்னும் அறைந்துகொண்டிருக்கிறார். கை நிற்கிறது. நம்மை நேராகப் பார்த்து, முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கத்துகிறார். விளக்கு போட்டுவிட்டார்கள். "இதுக்கா உக்காந்திருந்தோம்?" என்று முன்வரிசைப் பையன்கள் எழுந்து போனார்கள். சிரித்துக்கொண்டிருந்தது நானும், பின்வரிசையில் என் வயதொத்த இன்னொருவரும்தான்.