காகிதத் தொப்பியும் கள்ளச் சந்தையும்

2001 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் வெளியிட்ட 'ரூன்ஸ்கேப்' விளையாட்டின் படங்கள் அப்போதே சுமார் ரகம்தான். ஆனால் பிரவுசர் இருந்தால் போதும், ஓசியில் ஆடலாம். உள்ளே ஒரு முழுச் சந்தை இருந்தது. ஒருவர் மீன் பிடிப்பார், இன்னொருவர் இரும்பு வெட்டுவார், மூன்றாமவர் அதை உருக்கி வாள் செய்வார். விலை எல்லாம் பேரம் பேசித்தான்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரு காகிதத் தொப்பியைச் சும்மா கொடுத்தார்கள். அணிந்தால் ஒரு பலனும் கிடையாது. மறுபடி கொடுக்கவே இல்லை, அவ்வளவுதான். விளையாட்டிலேயே விலை உயர்ந்த பொருள்களில் ஒன்றாகிவிட்டது. எங்கள் பி.காம் புத்தகத்தில் கிடைப்பருமைக்கு இவ்வளவு நல்ல உதாரணம் இல்லை :-)

சந்தை என்றால் கள்ளச்சந்தையும் வரும். விளையாட்டுத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் முளைத்தது. திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டினார்கள். அந்தப் பணம் திரும்பப் போனால் நஷ்டம் ஜேகெக்ஸ் கம்பெனிக்கு. அதுவரை நியாயம்தான். ஆனால் 2008 ஜனவரியில் அவர்கள் செய்த வைத்தியம் இருக்கிறதே... விலை சமமில்லாத கொடுக்கல் வாங்கலையே நிறுத்தினார்கள். நண்பனுக்கு ஒரு நல்ல வாளைப் பரிசாகத் தர முடியாது! ஒரு மாதம் முன் திறந்த 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' பொதுச்சந்தையிலும் குறித்த விலைக்கு 5 சதவீதம் மேலே கீழே, அதற்கு மேல் நகரக்கூடாது. தொப்பிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "தொப்பி வேண்டுமா, யாரும் வாங்காத இந்தக் குப்பையையும் சேர்த்து வாங்கு" என்று கணக்கைச் சரிக்கட்டினார்கள். திருடனைப் பிடிக்க ஊருக்கே கையைக் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

2011 பிப்ரவரியில், வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் கேட்ட பிறகு, தடை போனது. 2013-ல் இன்னொரு வாக்கெடுப்பு. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழ, 2007 ஆகஸ்ட் மாதப் பிரதியைத் தூசி தட்டி 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று வெளியிட்டார்கள். தடைக்குச் சில மாதம் முந்தைய உலகம்! அதில் பெரிய மாற்றம் எதுவானாலும் ஆடுபவர்களின் வாக்கைக் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே கிராண்ட் எக்ஸ்சேஞ்சை 2015-ல் வாக்குப் போட்டு அவர்களே வரவழைத்துக்கொண்டார்கள். ஆக, கோபம் சந்தைமேல் இல்லை, கேட்காமல் செய்ததன்மேல்தான் என்பது என் கட்சி.

அதே வருஷம் 'பாண்ட்' வந்தது. கம்பெனியிடம் நிஜக் காசுக்கு வாங்கி, உள்ளே தங்கத்துக்கு விற்கலாம். கள்ளச்சந்தைக்குக் கம்பெனியே போட்டிக் கடை! 2007-லேயே இந்தக் கடையைப் போட்டிருக்கலாம்.

அப்படியும் தங்க வியாபாரம் ஓயவில்லை. வெனிசுவேலாவில் பொலிவார் நாணயம் செல்லாக்காசாய்ப் போனபோது, இந்த விளையாட்டில் டிராகன்களைக் கொன்று தங்கம் சேர்த்து விற்றுத்தான் சிலர் வீட்டில் அடுப்பு எரிந்தது. விதிப்படி அவர்களின் கணக்கை முடக்க வேண்டும். சில ஆட்டக்காரர்கள் தேடித்தேடி வேட்டையாடவும் செய்தார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.