சேர்ந்து வாழ 6,000 வெள்ளி

"பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு எப்படித்தான் வெளிநாட்டுல இருக்காங்களோ!" என்று சென்னை நண்பர்கள் அங்கலாய்க்கிறார்கள். உளுந்தூர்பேட்டை ஆட்களுக்குப் பாசம் குறைச்சல்னு நினைப்பு.

சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவன் மனைவியைக் கூட்டிப்போய்க் குடும்பம் நடத்த முடியாது. சட்டமே அப்படி. எஸ் பாஸோ எம்ப்ளாய்மென்ட் பாஸோ கையில் இருந்து, மாதம் 6,000 வெள்ளி சம்பளமும் இருந்தால்தான் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ். துபாய் மட்டும் என்ன வாழுதாம்? 4,000 திர்ஹாம், இல்லன்னா 3,000 திர்ஹாமும் தங்குற இடமும் காட்டணும்.

உங்க வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வேலைக்கு ஜோடியாகப் போய் செட்டில் ஆகிறான். சந்தோஷம். ஆனா அங்கே பேசுறது சம்பளச் சீட்டுங்க, பாசமில்லை. அந்தக் கட்டடத்தைக் கட்டுறவன் மட்டும் பத்து வருஷம் போன்லயே புருஷனா இருக்கணும்.

இங்கே மல்லாட்டைக்குக் களை வெட்ட ஆள் பிடிக்கிறது, கரும்புக்குத் தண்ணி கட்டுறது, மாமியாருக்கு மருந்து எல்லாம் அவள்தான். பட்டா மட்டும் அவன் பேரில். பயிர்க்கடனுக்குப் போனால், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்கிறார்கள். விவசாயம் பண்றது யாருன்னு தெரிஞ்சும் கேக்குறாங்க.