குறுக்குப் பாதைக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

சீனி வருத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரும் டொக்டர், சீட்டை நீட்டும்போதே "தினமும் அரை மணித்தியாலம் நடங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார். நல்ல புத்திமதிதான். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அந்த அம்மா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதுளையில் பஸ் ஏறி, பசறை ரோட்டில் ஒரு வளைவில் இறங்குகிறார். அங்கே எங்கே நடப்பார்? ரோட்டின் ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். எதிரும் புதிருமாக வரும் பஸ்ஸும் லொறியும் விலத்திப் போகவே இடம் பற்றாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையிலோ, மழைக்காலத்தில் பாதிப் படியைத் தண்ணீர் கொண்டு போயிருக்கும்.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த பிள்ளைகளையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் தொழில். ஒரு தோட்டத்தின் சுகாதாரம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், கிளினிக் புத்தகத்தை எடுக்கும் முன் அந்தத் தோட்டத்துப் படிகளைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்கு வராமல் இருந்தாள். என்ன ஏது என்று கேட்கப் போனேன். "ஏறுறதுக்குப் பயமில்ல மிஸ். எறங்கும்போதுதான் வயிறு மறைச்சிருது, காலு வைக்கிற எடம் தெரியல" என்றாள். ஆட்டோவில் வரலாமே என்று கேட்கவில்லை. ஒரு பேரில், அதாவது ஒரு நாள் சம்பளத்தில், பாதி ஆட்டோவுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்ன படிகளில் அவளுக்கு முன்னால் நான் இறங்கினேன். எந்தக் காலத்திலோ கருங்கல் அடுக்கிக் கட்டிய படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண். பாசி படிந்து வழுக்கியது. நடுவில் சில கற்கள் பெயர்ந்து போன இடத்தில் மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பிடித்துக்கொள்வதற்கென்று இருந்தது இரு புறத்துத் தேயிலைச் செடிதான். கீழே ரோட்டோரம் ஒரு பீலி. மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி வருவார்கள். அந்தப் பீலியில் காலைக் கழுவிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆனால் இதைச் சுகாதாரப் பிரச்சினை என்று எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை.

தோட்டத்தில் பாதைக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் கவனமாகத் திட்டமிட்டுத்தான் பாதை போட்டார்கள். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு, பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கு, மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு. விடியற்காலையில் ஆள் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும், பறித்த கொழுந்து வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். லயம் எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட அந்தக் கணக்குத்தான் தீர்மானித்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் டவுணும் அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. அவற்றுக்குப் போகும் குறுக்குப் பாதைகள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் நடந்து நடந்து உண்டாக்கியவை. தோட்டக் கம்பனிக்கு அவற்றால் இலாபமில்லை, அதனால் பார்ப்பதில்லை. பிரதேச சபைக்கு அவை சொந்தமில்லை, அதனால் சபையும் பார்க்கவில்லை.

"கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறார்களே, அவர்களுக்கு எதற்கு நடை, அவர்களுக்கு ஏன் பிரசர் வருகிறது?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி 'லான்செட்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, படி ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. நடையும் படியும் இதயத்தைக் காக்கும் என்று வைத்தியர்கள் இன்று சொல்வதற்கு அது ஓர் ஆரம்பம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. தலையிலும் முதுகிலும் பாரத்தைச் சுமந்துகொண்டு, நினைத்த நேரத்தில் நிற்க முடியாமல், மணிக்கணக்காகச் செய்யும் உழைப்பு, ஒருவர் தன் விருப்பத்துக்கு நடக்கும் நடையைப் போல உடம்பைக் காப்பதில்லை. எங்கள் பெண்கள் நடக்கிற நடையில் அநேகமாக எல்லாமே முதல் வகை. நிறுவைக்காக நடக்கிறார்கள். சாயந்தரம் தனக்கென்று காற்று வாங்க ஒரு நடை போகலாம் என்றால் லயத்து முற்றத்தைத் தாண்டி வெளிச்சம் இல்லை, சமதரை இல்லை, காட்டுக் கரையில் குளவிக் கூடு எங்கே தொங்குகிறதென்று தெரியாது. ரொட்டியும் சீனி கூடிய தேத்தண்ணியும் இந்த வருத்தத்தில் தம் பங்கைச் செய்கின்றன. நடை மட்டும் மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

மலைக்குப் போகாத வயதானவர்களின் நிலைமை இன்னும் மோசம். வேலையிலிருந்து நின்ற மறுநாளே அவர்களின் நடையும் நின்று போகிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கருங்கல் படியில் இறங்கத் துணிவில்லாமல் திண்ணையோடு அடங்கிவிடுகிறார்கள். கோயிலுக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை. மாத்திரை வாங்க மகன் போகிறான். இலங்கையில் நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் வருகின்றன. டவுணில் இருப்பவருக்கு நடக்க வின்சன்ட் டயஸ் மைதானமாவது உண்டு. தோட்டத்துத் தாத்தாவுக்கு ஒரு கைபிடிக் கம்பி போதும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே வந்து நாலு பேரோடு பேசிவிட்டு ஏறுவார்.

நடையாலேயே இந்த நாட்டுக்குள் வந்த சமூகம் நாங்கள். எங்கள் முன்னோர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும், அங்கிருந்து மலைகளுக்கும் நடந்தார்கள். வழியிலேயே கொள்ளை நோயில் செத்தவர்களுக்குக் கணக்கு வழக்கில்லை. அந்த வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைத்து 2023இல் ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போனார்கள். பெருமையாக இருந்தது. அந்த நடைக்கு உண்மையான மரியாதை செய்வதென்றால், அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் இன்று நடக்கிற வழியைச் சீர்செய்து கொடுக்க வேண்டும்.

இந்தப் பாதைகளைச் சீர்செய்யச் சபைகளுக்குச் சட்டம் தடையாக இருந்தது உண்மை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பொதுப் பணத்தைச் செலவிட முடியாது என்று சபைகள் கைவிரித்து வந்தன. தோட்டத்து மக்களும் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினர்களால் தங்கள் லயத்துப் படிக்கு ஒரு மூட்டை சீமெந்து ஒதுக்க முடியவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதன் பிறகும் ஒதுக்கப்பட்ட பணம் பெரும்பாலும் வாகனம் போகும் பாதைக்கே போனதைப் பார்த்திருக்கிறேன். கொங்கிறீட் பாதை திறப்பு விழாவுக்கு நாடா வெட்டலாம், பெயர்க்கல் நாட்டலாம். அவசரத்துக்கு அம்புலன்ஸ் வர அந்தப் பாதையும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாகனம் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை, நடந்தே போகும் ஆட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பணத்தைப் பிரித்த சபை ஒன்றையும் நான் காணவில்லை.

குறுக்குப் பாதைகளை அளந்து படம் வரைந்து பராமரிப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் மலைகளிலேயே பதில் இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாக நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெய்ல்' நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 22 பகுதிகளாகப் பிரித்து, சந்திக்குச் சந்தி அடையாளம் நாட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அதற்கு நிதி கொடுத்தன. பழைய தேயிலைத் தோட்டத்துப் பாதைகளைத் தேடிப் பிடித்து இணைத்த வேலை அது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அந்தப் பாதையில் நடக்க ஆசைப்படுவது எனக்குச் சந்தோஷம். நாலு குடும்பத்துக்கு அதில் பிழைப்பும் கிடைக்கிறது. அதே அளவை, அதே வரைபடம், அதே பராமரிப்பு, லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் அரைக் கிலோமீற்றருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இந்த நேரத்தில் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம், புதிதாகக் கட்டப்படும் வீடுகள். இந்திய உதவியோடு மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், பிறகு 10,000 வீடுகள் என்று திட்டம் வந்தது. தனிக் காணியில் தனி வீடு. ஒரு கூரையின் கீழ் பத்துக் குடும்பம் அடைந்து கிடந்த லயத்திலிருந்து அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அந்தக் காம்பராக்களுக்குள் பிள்ளைப்பேறு பார்த்தவள் என்ற முறையில் நான் அறிவேன். ஆனால் தனி வீடு என்றால் வீடுகள் பரந்து போகும். மண்சரிவு அபாயம் பார்த்து இடம் தெரிவு செய்வதால் புதிய கிராமம் பழைய லயத்தைவிட பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் தூரமாகவும் அமையலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்த மண்சரிவைப் பார்த்த மாவட்டம் இது. பாதுகாப்பான மண்ணைத் தேடுவதில் யாருக்கும் மறுபேச்சில்லை. நான் கேட்பது, வீட்டு வரைபடத்தோடு சேர்த்து அந்தக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகும் நடைபாதையின் வரைபடமும் அங்கீகாரத்துக்கு வர வேண்டும் என்பதைத்தான். பாதையோடு கானும் வேண்டும். கான் இல்லாத பாதையே மழையில் கானாகிவிடும், மண்ணையும் அறுத்துக்கொண்டு போகும்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே சைக்கிளுக்கு மாறியபோது, யாழ்ப்பாணத்தைப் பார், நீங்களும் ஓட்டலாமே என்றார்கள். யாழ்ப்பாணம் தட்டையான பூமி. மடுல்சீமையிலிருந்து இறங்கும் பாதையில் சைக்கிள் ஓட்டச் சொல்வது ஆளைப் பள்ளத்தில் தள்ளுவதாகும். ஆனால் பதுளை மாவட்டம் முழுவதும் மலை அல்ல. மகியங்கனைச் சமவெளி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ரோடு அகலப்படுத்தும்போது ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு பாதை விட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நன்றாகப் பயன்படுத்துவார்கள். மலைக்கு ஏற்றது படி, சமவெளிக்கு ஏற்றது சைக்கிள். கொழும்பிலிருந்து ஒரே திட்டம் எல்லாருக்கும் வரக்கூடாது.

டவுணைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஒன்றைத் தவிர. முதியங்கனை விகாரைப் பெரஹரா நாளிலும் கோயில் தேர் நாளிலும் பதுளை வீதிகளில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஆட்களை நடக்க விடுகிறோம். ஊர் தாங்குகிறது, வியாபாரமும் நடக்கிறது. அப்படியென்றால் சாதாரண நாளில் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கு, சாமான் பரப்பாத, வாகனம் நிறுத்தாத, கான் மூடி உடையாத ஒரு நடைபாதை கொடுப்பது முடியாத காரியமல்ல.

பிரதான வீதியைப் பற்றிப் பேசும்போது 2021 மார்ச் 20 நினைவுக்கு வராமல் போகாது. பசறை 13ஆம் கட்டையில், பாறை விழுந்து குறுகிக் கிடந்த ரோட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பஸ்ஸுக்கே இடமில்லாத அந்த மாதிரி வளைவுகளில்தான் எங்கள் பிள்ளைகள் காலையிலும் மத்தியானமும் ஓரமாக நடக்கிறார்கள். குறுக்குப் பாதை நன்றாக இருந்தால் அவர்களில் பலருக்கு அந்த ரோட்டில் கால் வைக்கவே தேவை இருக்காது.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளுக்குப் புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல என எல்லாச் சபைகளுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் பிரிவில் மக்கள் நடக்கும் குறுக்குப் பாதைகளைத் தோட்டம் தோட்டமாக எழுதி எடுங்கள். தோட்ட நிர்வாகத்தோடு பேசி அவற்றைப் பொதுப் பாதையாகச் சபைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிவேட்டில் இல்லாத பாதைக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் வராது. எந்தப் படி முதலில் என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். எந்த லயத்துத் தாய் எந்தப் படிக்குப் பயந்து கிளினிக்கைத் தவற விடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் படிகளுக்குச் சமமான உயரம், ஒரு பக்கம் இரும்புக் கைபிடி, ஓரத்தில் கான், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு விளக்கு, நடுவில் உட்கார ஒரு கல். வேலையைத் தோட்டத்து இளைஞர்களுக்கே கொடுங்கள், கல் வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பருவ மழை தொடங்கும் முன், கிளினிக்குக்கு இறங்கும் படிகளிலிருந்து ஆரம்பியுங்கள்.