மலை வீட்டுக்கு எந்த அடுப்பு?

சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூருக்கு, பிப்ரவரி மாதம் காபிச் செடிகளைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளை அடையாளம் காட்டி, பிடுங்கி எரித்துவிடுமாறு சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரின் மனைவி குறுக்கிட்டார். “போன வாரமே பிடுங்கியாச்சு சார். வீட்டுக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்கேன். மழைக்காலத்துல அடுப்பெரிக்க ஆகும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு தண்டை வெட்டிப் பிளந்தால் உள்ளே புழு உயிரோடு இருந்தது. ஏப்ரலில் வண்டாகி வெளியே வரும். பத்தடி தூரத்தில் தோட்டம். இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: “செடிக்கு இவ்வளவு சொல்றீங்களே, இந்த அடுப்புக்கும் ஒரு வழி சொல்லுங்க. கேஸ் தீர்ந்தா எடுத்துட்டு வர ஆளில்ல. விறகு எரிச்சா கண்ணு தெரியல. நான் என்னதான் வாங்கட்டும்?”

உழவியல் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுப்பு என்பது சமையலறைச் சமாச்சாரம், அது நம் துறை இல்லை என்றே நாங்கள் நினைத்து வந்திருக்கிறோம். அது தவறு. எந்த அடுப்பு எரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் தோட்டத்துக் கவாத்துக் கழிவு எங்கே போகிறது, சாணம் நிலத்துக்குத் திரும்புகிறதா, வீட்டுப் பெண்ணின் நேரம் எதில் கழிகிறது என்பதெல்லாம் முடிவாகின்றன. அடுப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு பண்ணை முடிவு. அதைப் பண்ணைக் கணக்கோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு சிலிண்டர், எவ்வளவு விறகு?

முதலில் கணக்கு. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற எரிவாயு அடுப்பு, எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்று கல் அடுப்போ சாதாரண மண் அடுப்போ கொடுப்பது 10 முதல் 15 சதவீதம்தான். மீதி வெப்பம் சுவருக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. நன்றாகக் கட்டிய புகைபோக்கி அடுப்பு 25 சதவீதம் வரை கொடுக்கும்.

இதன்படி ஒரு சிலிண்டர் செய்யும் சமையலைச் சாதாரண அடுப்பில் செய்ய, நன்கு உலர்ந்த விறகு சுமார் 240 கிலோ தேவை. மேம்படுத்திய அடுப்பில் 120 கிலோ போதும். சாண எரிவாயு என்றால் சுமார் 40 கன மீட்டர். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஏறத்தாழ 140 யூனிட் மின்சாரம். உங்கள் ஊரில் விறகுக் கூலி என்ன, சிலிண்டர் வீடு வந்து சேர என்ன ஆகிறது, மின்கட்டணம் என்ன என்று போட்டுப் பாருங்கள். எது மலிவு என்பது ஊருக்கு ஊர் மாறும். சேலத்தில் சரியான விடை, 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏற்காட்டில் சரியாக இருக்க வேண்டியதில்லை.

மலைக்கு வேறொரு கணக்கும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதனால் துவரையும் மொச்சையும் திறந்த பானையில் வேக நேரம் பிடிக்கிறது. எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. எந்த அடுப்பு வாங்கினாலும் கூடவே ஒரு பிரஷர் குக்கர் இருப்பது சமவெளியைவிட மலையில்தான் அதிக லாபம். பருப்பை முன்னிரவே ஊற வைப்பதும் அப்படியே.

விறகடுப்பு ஏன் போகவில்லை?

2016 மே 1ஆம் தேதி உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு, இணைப்பில்லாத ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்.

ஆனாலும் கேஸ் வந்த வீட்டில் விறகடுப்பு அணையவில்லை. இதை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சிலிண்டர் தீர்ந்தால் மறு சிலிண்டருக்கான பணம் அந்த நாளில் கையில் இருக்க வேண்டும். சாலை போகாத ஊருக்கு அதைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். விறகுக்கோ அன்றன்றைய உழைப்புப் போதும். மார்கழிக் குளிரில் குளிக்க வெந்நீர் வேண்டும். மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விதைக் கதிர்களைப் புகையில் வைத்தால் வண்டு அண்டாது. இத்தனை வேலையையும் ஒரே அடுப்பு செய்கிறது. இவற்றுக்கு மாற்று சொல்லாமல் “விறகை விடுங்கள்” என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

சாண எரிவாயு: மலையேறினால் பலன் குறையும்

வேளாண் துறையில் பலருக்கும் பிடித்த விடை சாண எரிவாயு. எனக்கும் பிடிக்கும். சாணத்தை வறட்டியாக எரித்தால் தழைச்சத்து காற்றோடு போகிறது. கலனுக்குள் விட்டால் எரிவாயுவும் கிடைக்கும், சத்துள்ள சாணக் கரைசலும் நிலத்துக்குக் கிடைக்கும்.

ஆனால் இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 2 கன மீட்டர் கலன் வேண்டும். அதற்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். கட்டிப் போட்டு வளர்க்கும் மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். அப்படியானால் நான்கைந்து மாடுகள். மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதிச் சாணத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரும். இரண்டு மாடு வைத்திருப்பவர் இந்தக் கலனைக் கட்டினால் அரைவயிற்றுக் கலன்தான்.

இரண்டாவது குளிர். எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி அளவில் வெப்பம் இருந்தால் வேலை நன்றாக நடக்கும். 20 டிகிரிக்குக் கீழே வேலை மிகவும் மந்தமாகும். ஏற்காட்டின் டிசம்பர், ஜனவரிக் குளிரில், வெந்நீர் அதிகம் தேவைப்படும் அதே நாட்களில், வாயு குறைந்துவிடும். சேலம், ஓமலூர்ப் பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மலைமேல் என்றால், நான்கு மாடு தொழுவத்தில் நிற்கும் வீட்டுக்கு மட்டும், வெயில் படும் இடத்தில், மண்ணுக்குள் புதைந்த கலனாக, வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் கட்டச் சொல்வேன். சாண எரிவாயுவுக்கு அதற்கென்று செய்த அடுப்பே வேண்டும். கேஸ் அடுப்பை அப்படியே இணைத்தால் சரியாக எரியாது.

மின் அடுப்பு: துணைக்கு மட்டும்

இண்டக்‌ஷன் அடுப்பில் புகை இல்லை, வெப்பமும் வீணாவதில்லை. ஆனால் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் அன்று சமையல் இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், முழுச் சமையலையும் இதில் செய்தால் அந்த அளவு தாண்டிவிடும். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் சூடாகும். மண்சட்டி, அலுமினியம், செம்பு எதுவும் ஆகாது. வீட்டு மின்இணைப்பில் எர்த் சரியாக இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். இலவச யூனிட் மீதமுள்ள வீட்டில் காலைத் தேநீருக்கும் குழந்தைக்குப் பால் காய்ச்சவும் வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்து விறகு

சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் நிழல் மரமாகச் சில்வர் ஓக் நிற்கிறது. அதில் மிளகுக் கொடி ஏறுகிறது. அறுவடை முடிந்ததும் காபியில் கவாத்து, பிறகு நிழல் மரத்தில் கிளை கழிப்பு. ஒவ்வோர் ஆண்டும் வரும் இந்த விறகு இருக்கும்போது, தலைச்சுமை விறகுக்காகக் காட்டுக்குள் போக வேண்டிய தேவை பெருமளவு குறையும். இதை முறையாகப் பயன்படுத்தாததுதான் குறை.

பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் வெப்பம் செலவாகிறது, புகையும் அதனால்தான். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டியதை ஒரு முழத் துண்டுகளாக்கி, தடித்தவற்றைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே கூரை போட்டு மழைக்கு முன் உலர்த்திவிட வேண்டும். செலவில்லாத இந்த ஒரு வேலையே புகையில் பெரும்பங்கைக் குறைத்துவிடும்.

துளைப்பான் தாக்கிய காபித் தண்டு மட்டும் தனி. அதை அடுக்கி வைக்கவே கூடாது. இந்த வண்டு ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் என இரண்டு பருவங்களில் பறக்கும். அதற்கு முன்பாகவே பிடுங்கி உடனே எரிக்க வேண்டும். விறகாக வேண்டும் என்றால் 7 முதல் 10 நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, புழு செத்த பிறகு உலர்த்திப் பயன்படுத்தலாம். அடுப்புச் சாம்பலையும் வீணாக்க வேண்டாம். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் கொண்ட அது, அமிலத்தன்மை கொண்ட காபி மண்ணுக்கு ஏற்றது. ஆறிய பிறகு மெலிதாகத் தூவலாம். யூரியாவோடு கலக்கக் கூடாது.

என் பரிந்துரை

மலை வீட்டுக்கு ஒரே அடுப்பு போதாது, இரண்டு வேண்டும். தினச் சமையலுக்குக் கேஸ். வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் நீண்ட நேரம் வேகும் பண்டத்துக்கும், வீட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் புகைபோக்கி வைத்த விறகடுப்பு. புகையில் பெரும்பகுதி இந்த நீண்ட வேலைகளால் வருவது. அவற்றை வீட்டுக்கு வெளியே கொண்டு போனாலே உள்ளே காற்று மாறும். தினச் சமையலும் வெளிச்சமுள்ள இடத்தில் நின்றபடி சீக்கிரம் முடியும்.

கேஸ் அடுப்பு வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கண்ணாடி மேடை அழகுதான். ஆனால் பெரிய குண்டானை ஏற்றி இறக்கும் வீட்டுக்கு எஃகு மேடை உள்ள இரண்டு பர்னர் அடுப்பே உழைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, பித்தளை பர்னர், உறுதியான தாங்கி போதும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். எரிவாயு காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையில் தங்கும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமாக இருக்கட்டும். விறகடுப்பு அதே அறையில் வேண்டாம். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

விறகடுப்பின் புகைபோக்கியைக் கூரை வேய்ந்த வீட்டில் கூரை வழியே விடாமல் சுவர் வழியே வெளியே எடுத்து மேலே உயர்த்துங்கள். மாதம் ஒருமுறை கரியைத் தட்டி எடுக்க வேண்டும். 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்படுத்திய அடுப்புத் திட்டத்தில் நாடெங்கும் கோடிக்கணக்கில் அடுப்பு கட்டினோம். பின்னர் பழுது பார்க்கவும் கரி எடுக்கக் கற்றுத் தரவும் யாரும் வராததால் பல வீடுகளில் அவை இடிந்து மறைந்தன. எண்ணிக்கைக்காகக் கட்டிய அடுப்பு நிலைக்காது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழே சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காபி, மிளகுப் பயிற்சிகளுக்கு வரும் குடும்பங்களுக்கு அடுப்பையும் ஒரு பாடமாக வைக்கலாம். ஊருக்கு ஒரு கொத்தனாருக்குப் புகைபோக்கி அடுப்பு கட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி தரலாம். சாண எரிவாயுவுக்கு ஆண்டு இலக்கு வைக்கும்போது மலை ஊர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாகப் பயிற்சிக்கு வீட்டுப் பெண்களையும் அழைக்க வேண்டும். பிடுங்கிய செடி எங்கே போகிறது என்பது தோட்டக்காரரைவிட அவர்களுக்குத்தான் தெரிகிறது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வாரம் எரிக்கும் விறகைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். நாளுக்கு 6 கிலோ என்றால் ஆண்டுக்கு 2 டன்னுக்கு மேல். அத்தனையும் உங்கள் தோட்டத்திலிருந்து வருகிறதா, காட்டிலிருந்து வருகிறதா, காசு கொடுத்து வருகிறதா என்று பாருங்கள். எந்த அடுப்பு வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அந்த அம்மாவுக்கும் இதையே சொன்னேன். துளைப்பான் தண்டுகள் அன்றே தண்ணீர்த் தொட்டிக்குள் போயின. தாழ்வாரத்து அடுப்புக்கு இடம் பார்த்தாயிற்று; கட்டத்தான் கொத்தனார் கிடைக்கவில்லை. அந்தக் கொத்தனாரை ஏற்பாடு செய்து தருவது எங்களைப் போன்றவர்களின் வேலை.