கால்வாய் வெட்டியவர்களுக்குக் கரையில் இடமில்லையா?

சென்னைக்குப் படிக்கவும் வேலை தேடியும் போகும் நம் பிள்ளைகள் சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி அடையாற்றுப் பக்கம் போகிறார்கள். அந்தப் பாலத்தின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கீழே கறுத்துக் கிடப்பதைச் சாக்கடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் எண்ணூர் வரை வெட்டிய வாய்க்கால் அது. பிறகு வடக்கே ஆந்திரம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. அரிசி, உப்பு, விறகு எல்லாம் படகில் போயின. ரயில் தூண்கள் நிற்கும் பகுதி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78இல் தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயரோ அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போய்விட்டது.

வெட்டியவர்கள் யார்? பஞ்சத்தில் முதலில் சாய்ந்தவர்கள் நிலமில்லாத கூலிகள். அவர்களில் சேரி மக்களே மிகுதி. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக் கூலியை ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதற்குமேல் ஓரணா என்று குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். மண் வெட்டும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் போராடிய பிறகே அது கூட்டப்பட்டது.

இன்று அதே கால்வாய்க் கரையில் குடிசை போட்டவர்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. கால்வாயைக் கெடுத்தவர்களும் அவர்கள்தானாம்! மாநகரின் கழிவுநீர்க் குழாய்கள் எங்கே திறந்துவிடப்பட்டன என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் ஓடும் இடத்தைத் தூண்கள் அடைத்துக்கொண்டதை ஆக்கிரமிப்பு என்று எந்த நோட்டீசும் சொல்லவில்லை. தூண்கள் நிலைத்துவிட்டன, குடிசைகள்தான் பெயர்க்கப்பட்டன. 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் நீர்நிலைக் கரைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வீட்டுவேலை, துப்புரவு, மூட்டை தூக்குதல் என்று பிழைப்பெல்லாம் பழைய இடத்தில்; வீடு மட்டும் தென்கோடியில். நடுவில் பள்ளியை விட்ட பிள்ளைகள் உண்டு.

இந்தக் கால்வாய் 2008இல் தேசிய நீர்வழி 4இல் சேர்க்கப்பட்டது. அதைச் சீரமைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூர் வாரட்டும், கழிவுநீரை நிறுத்தட்டும். கரையில் இருப்பவர்களுக்கு அதே வட்டாரத்தில் வீடு கொடுத்த பிறகு இடத்தைக் கேட்கட்டும். திருமயிலை நிலையத்தில் ஒரு கல்லும் வைக்க வேண்டும். அதில் பிரபுவின் பெயர் வேண்டாம். பஞ்சக் கூலிகள் வெட்டிய கால்வாய் இது என்று தமிழில் எழுதினால் போதும்.