எச்சிலில் குடும்பப் பெயரைத் தேடுபவர்கள்

ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி மூடித் தபாலில் அனுப்பினால் போதும். சில வாரங்களில் 'உங்கள் முன்னோர் இங்கிருந்து வந்தார்கள்' என்று கலர் கலராக வரைபடத்தோடு பதில் வந்துவிடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதைப் பரிசாகக்கூட வாங்கிக் கொடுக்கிறார்கள். (நம்மூரில் கல்யாண மொய்யாக இதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!)

இது உண்மையா, உடான்ஸா? உண்மையில்தான் ஆரம்பிக்கிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. அப்படியானால் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்திருக்க வேண்டும் அல்லவா? ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிரையன் சைக்ஸ் இதைத் தன் பெயரை வைத்தே சோதித்துப் பார்த்தார். 'சைக்' என்றால் வட இங்கிலாந்து வழக்கில் ஓடை, எல்லை வாய்க்கால். ஓடைக்கரையில் குடியிருந்த யாருக்கும் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதால், அதற்குப் பல மூலங்கள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களைச் சோதித்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே மாதிரியான ஒய் குரோமோசோம்! சுமார் 700 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே மனிதரிடமிருந்து அந்தப் பெயர் கிளம்பியிருக்கலாம் என்று 2000-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

சரி, மீதிப் பாதி? அதுதான் விளம்பரங்களில் வராத பாதி. தத்துப் பிள்ளை, அம்மா வழிப் பெயரை எடுத்துக்கொண்ட மகன், வெளியே சொல்ல முடியாத உறவு... ஒரு தலைமுறைக்கு 1.3 சதவீதம் இப்படி வழி மாறியிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணக்கு. அக்கவுண்டன்சி வகுப்பில் வரும் தேய்மானம் மாதிரிதான். வருடக் கணக்கில் பார்த்தால் சில்லறை, நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் மூலதனமே கரைந்திருக்கும். பாட்டன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், வளர்த்த அப்பா பெற்ற அப்பா இல்லை என்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு. அந்தப் பதிலைக் கேட்டு யாரும் பணம் கட்டவில்லை.

இன்னொன்று. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள் வரும். குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் சேர்ந்து காட்டுவது அதில் ஒரே ஒருவரை. மற்ற 1023 பேர் கணக்கிலேயே இல்லை. பெண்களுக்கு ஒய் கிடையாது என்பதால், தன் பிறந்த வீட்டுப் பெயரின் மூலத்தைத் தேடும் பெண் அப்பாவிடமோ அண்ணன் தம்பியிடமோ எச்சில் கடன் வாங்க வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம் தமிழர்களுக்கோ பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுகிறது. எதை எதோடு ஒப்பிடுவது?

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம் வேறு. துப்புவது ஒருவர், ஆனால் அந்தத் துளியில் இருப்பது அண்ணன், அத்தை, பிறக்காத பேரன் எல்லோரும்தான். அவர்களிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்? இந்தத் துறையின் பெரிய நிறுவனமான 23 அண்ட் மீயில் 2023-ல் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளுக்குள். ஆனால் உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக அவர்கள் கைக்குப் போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம்! சொந்தபந்தம் என்பது எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்தத் திருடர்கள்தான் நிரூபித்துக் காட்டினார்கள். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வை?

அதே நிறுவனம் மார்ச் 2025-ல் திவால் மனு கொடுத்தது. உங்கள் விவரங்களை அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள் என்று கலிபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞரே மக்களுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது. கடைசியில், நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கமற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. வாடிக்கையாளர்களோ ஒன்றரைக் கோடிக்கு மேல். மொத்த வியாபாரத்தையும் சேர்த்து வகுத்தால்கூடத் தலைக்கு சுமார் 20 டாலர்தான் வருகிறது. 2007-ல் அந்தக் குழாயை முதன்முதலாக விற்றபோது விலை 999 டாலர்.