டாக்டர், ஒரு சந்தேகம்: கர்ப்பப்பைக்குள் சுவர்... ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

எனக்கு 27 வயது. திருமணமாகி 3 வருடங்கள் ஆகின்றன. 9-வது வாரத்தில் ஒருமுறை, 11-வது வாரத்தில் ஒருமுறை என இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், ‘இரட்டைக் கர்ப்பப்பைபோலத் தெரிகிறது, ஆபரேஷன் தேவைப்படலாம்’ என்கிறார். ‘குறையை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்’ என்று என் மாமியார் அம்மாவிடம் சண்டை போடுகிறார். நான் என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் சொல்கிறார் மகப்பேறு மருத்துவர்

முதலில் உங்கள் மாமியாருக்கு. யாரும் எதையும் மறைக்கவில்லை அம்மா. மாதவிலக்கு சரியாக வரும், வலி இருக்காது, வெளியில் ஓர் அடையாளமும் தெரியாது. ஸ்கேன் எடுக்கும்வரை இந்தப் பெண்ணுக்கே தெரிய வழியில்லை. நூற்றில் சுமார் 5 பெண்களுக்குக் கர்ப்பப்பையின் அமைப்பில் ஏதோ ஒரு மாற்றம் இருக்கிறது. பலர் அது தெரியாமலே பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் வளரும்போது, அதன் கர்ப்பப்பை முதலில் இரண்டு குழாய்களாகத்தான் உருவாகிறது. இரண்டும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நடுச்சுவர் கரைந்து ஒரே அறையாகும். சரியாக ஒட்டாவிட்டால், மேல்பகுதி இதய வடிவத்தில் பிளந்திருக்கும். ஒட்டிய பின் சுவர் மட்டும் கரையாமல் நின்றுவிட்டால், வெளியே வழக்கமான வடிவம், உள்ளே தடுப்பு.

சாதாரண ஸ்கேனில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். சிகிச்சையோ முற்றிலும் வேறு. தடுப்பை, வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாக ஹிஸ்டரோஸ்கோப்பி கருவியைச் செலுத்தி வெட்டலாம். பிளந்த கர்ப்பப்பையைத் தடுப்பு என்று தவறாக நினைத்து வெட்டினால் துளை விழும் அபாயம் உண்டு. பிளவுக்கு இப்போது பெரும்பாலும் ஆபரேஷனே செய்வதில்லை. அதனால் 3டி ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ எடுத்து, எந்த வகை என்று உறுதிசெய்யாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

தடுப்புதான் என்று உறுதியானாலும் அவசரம் வேண்டாம். தடுப்பை வெட்டினால் கரு நிற்கும் என்றுதான் வெகுகாலம் நம்பினோம். நானும் அப்படியே சொல்லி அனுப்பியிருக்கிறேன். நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், வெட்டிக்கொண்டவர்களில் 31 சதவிகிதம் பேருக்கும், வெட்டாமல் விட்டவர்களில் 35 சதவிகிதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. ஆய்வில் இருந்தது 80 பெண்கள்தான் என்பதால், ‘ஆபரேஷனே வீண்’ என்று ஒதுக்கவும் முடியாது. தொடர்ந்து கரு கலைபவர்களுக்கு இன்றும் பல மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள். சுவர் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று கேட்டுவிட்டு, நீங்களும் கணவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

இன்னொன்று. சுவர் இருப்பதாலேயே கரு கலைந்தது என்று சொல்லிவிட முடியாது. தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மை தொடர்பான ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை ஆகியவற்றை முதலில் முடியுங்கள். சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். சிசுவில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் அருகருகே வளர்பவை. கர்ப்பப்பையில் மாற்றம் இருக்கும் சிலருக்கு ஒரு சிறுநீரகமே இருக்காது.

மீண்டும் கரு தங்கினால் தொடக்கத்திலேயே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். குறைமாதப் பிரசவம், குழந்தை தலை திரும்பாமல் இருப்பது போன்றவற்றுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், கர்ப்பப்பை வாயின் நீளத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள். அடுத்த முறை மாமியாரையும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் படத்தை அவரும் பார்க்கட்டும்.